மூச்சுக்கிளையை அடைத்த கட்டி: நெஞ்சைத் திறக்காமல் வழி திறப்பது எப்படி?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நான்கு மாதமாக இருமல், நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள், குறையவில்லை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. சிடி ஸ்கேனில் இடது பிரதான மூச்சுக்கிளைக்குள் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குக் கட்டி. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கேன்சர் என்று வந்தது. அறுவை சிகிச்சை செய்யும் நிலையைத் தாண்டிவிட்டதாம். பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) வழியாக லேசர் வைத்துக் கட்டியை எடுத்து, தேவைப்பட்டால் வழி மூடாமல் தாங்க ஸ்டென்ட் வைத்து, அதன் பிறகு கீமோவும் ரேடியேஷனும் தரலாம் என்கிறார்கள் டாக்டர்கள். "நேரே கீமோவுக்குப் போங்கள், நடுவில் இதெல்லாம் வீண் வேலை" என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். இது ஆபரேஷனா? கட்டியை எடுத்தால் கேன்சர் போய்விடுமா? ஆபத்து எவ்வளவு? ஸ்டென்ட் வைத்தால் அது காலம் முழுக்க இருக்குமா? அதன் மேல் ரேடியேஷன் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டியை எடுத்தாலும் கேன்சர் போகாது. மூச்சுக்கிளைக்குள் எட்டிப் பார்ப்பது கட்டியின் ஒரு பகுதிதான். மீதி சுவருக்குள்ளும், சுவரைத் தாண்டி வெளியிலும் இருக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதை அகற்றிக் காற்றுக்கு வழிவிடுவது மட்டுமே இந்தச் சிகிச்சை. நோயை அடக்கும் வேலை கீமோவுடையது, ரேடியேஷனுடையது.

அப்படியானால் சித்தப்பா சொல்வது சரிதானே என்று தோன்றலாம். அடைப்பு இல்லாத நோயாளிக்குச் சரி. உங்கள் அப்பாவுக்குச் சரியல்ல. மூச்சுக்கிளை அடைபட்டால் அதற்கு அப்பால் சுரக்கும் சளி வெளியே வர வழியில்லை. அது தேங்கும், கிருமி சேரும், சீழாகும். கீமோ கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் வடியாத சீழ் இருந்தால், கேன்சருக்கு முன்னால் கிருமி ஆளை வீழ்த்திவிடும். ரேடியேஷனுக்கு வேறொரு சிக்கல். கட்டி சுருங்க வாரக்கணக்கில் ஆகும். ஆரம்ப நாட்களில் கதிர் பட்ட இடம் வீங்கி, இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடலாம்.

இன்னொரு காரணத்தை டாக்டர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அடைப்பால் காற்று போகாமல் சுருங்கிக் கிடக்கும் நுரையீரலும் கட்டியும் சிடியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். எது கட்டி, எது காற்றில்லாத நல்ல நுரையீரல் என்று கோடு போடுவது கஷ்டம். அதனால் ரேடியேஷன் போடும் பரப்பு பெரிதாகி நல்ல திசுவும் கதிர் வாங்கும். நுரையீரல் விரிந்த பிறகு மறுபடி சிடி எடுத்துத் திட்டமிட்டால் பரப்பு சிறிதாகும். எனவே அடைப்பை எடுத்த கையோடு பழைய ஸ்கேனை வைத்தே ரேடியேஷனைத் தொடங்க விடாதீர்கள். புதிதாகத் திட்டமிடும் சிடி எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆக, இப்போது தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: அடைப்புக்கு அப்பால் இருக்கும் நுரையீரல் உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது என்றால் வழி திறப்பதில் முழு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

இதைச் சிடியிலேயே பெருமளவு கணிக்கலாம். சாயம் ஏற்றி, 1 மி.மீ. தடிமனில் வெட்டிய படங்கள் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது இடது நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய். கட்டி அதையும் நெரித்து அடைத்திருந்தால், காற்று உள்ளே போனாலும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள ரத்தம் வராது. மூச்சுத் திணறல் குறையாது. அடுத்தது, அடைப்புக்கு அப்பால் மூச்சுக்கிளைகள் சளி நிறைந்த குழாய்களாகவாவது தெரிகின்றனவா என்பது. தெரிந்தால் நல்லது. கட்டி கீழ்க்கிளைகள் வரை நிரப்பிக்கொண்டு போயிருந்தால், மேலே எவ்வளவு குடைந்தாலும் போய்ச் சேர இடமிருக்காது. கடைசியாக, நுரையீரல் சுருங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பது. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் என்றால் மறுபடி விரிய நல்ல வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் சுருங்கிக் கிடந்தது பெரும்பாலும் தழும்பாகிவிடும்.

எக்ஸ்ரே வெள்ளையாகி மூன்று வாரம் என்கிறீர்கள். அது கண்டுபிடித்த நாள். சுருங்கிய நாள் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். குடும்பத்துக்குள் விவாதம் நடத்த இது நேரமல்ல.

ஆஸ்துமா விஷயத்தில் மற்ற வாசகர்களுக்காக ஒன்று. இன்ஹேலருக்குக் கட்டுப்படாத இளைப்பு, அதுவும் ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் என்றால், ஆஸ்துமா என்று முத்திரை குத்துவதற்கு முன் சிடி எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கக்கூடும். பெரியவர்களின் மூச்சுக்குழாய் உள்விட்டம் ஏறக்குறைய 15 முதல் 20 மி.மீ. அது 8 மி.மீ. ஆகக் குறுகும்போதுதான் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும்; 5 மி.மீ. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே திணறும், மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது 3 மி.மீ. ஒரு சளிக் கட்டி போதும் அதை நிரப்ப. விட்டம் பாதியானால் காற்றோட்டத்துக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஆகிறது. அதனால்தான் இந்த நோயாளிகள் "நேற்று வரை நன்றாக இருந்தார்" என்ற நிலையிலேயே அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

அப்பாவுக்கு அடைப்பு பிரதான மூச்சுக்குழாயில் இல்லை, இடது கிளையில். வலது நுரையீரல் அவரைத் தாங்குகிறது. இது கொஞ்சம் அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். அதுவரை அவருக்குத் தூக்க மாத்திரை வேண்டாம். இருமலை அடக்கும் கோடீன் கலந்த சிரப்பும் வேண்டாம். அவருக்கு இருமல்தான் இப்போது சளியை வெளியேற்றும் பம்ப்.

இனி, இது ஆபரேஷனா என்ற கேள்வி. நெஞ்சில் கீறல் இல்லை, தையல் இல்லை. எல்லாம் வாய் வழியாக. ஆனால் முழு மயக்கம் உண்டு, ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்கும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து உண்டு. சாதாரண பிராங்கோஸ்கோப்பி போலப் போனோம் வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. வளையும் பிராங்கோஸ்கோப் 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஷிகேட்டோ இகேடா உருவாக்கியது. பயாப்ஸி எடுத்தது அதை வைத்துத்தான் இருக்கும். அதன் உறிஞ்சும் துளை 2 முதல் 3 மி.மீ. அகலம்தான், கட்டியிலிருந்து ரத்தம் பீறிட்டால் அதற்குத் தாங்காது. மற்றது வளையாத எஃகுக் குழாய், ரிஜிட் பிராங்கோஸ்கோப். 1897இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் குஸ்டாவ் கிலியன் ஒருவரின் மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டை எடுத்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. பழைய கருவிதான், ஆனால் பெரிய அடைப்புக்கு இன்றும் இதற்கு இணை இல்லை. அதன் வழியாகவே நோயாளிக்குக் காற்று கொடுக்கலாம், தடித்த உறிஞ்சுகுழாயை நுழைக்கலாம், ரத்தம் கசிந்தால் குழாயின் பக்கவாட்டையே அந்த இடத்தில் அழுத்திப் பிடிக்கலாம். உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகும் இடத்தில் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பும், அதைக் கையாளப் பழகியவரும், இந்த வகை மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருந்து நிபுணரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். வளையும் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு, அரை மயக்கத்தில் இந்த அளவு கட்டியை எடுக்கிறோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தியேட்டருக்குள் நடப்பது இது. ஊசி மருந்தாலேயே மயக்கம் கொடுப்பார்கள். குழாயின் மேல்முனை திறந்து மூடிக்கொண்டிருப்பதால் வாயு மயக்க மருந்து கசிந்துவிடும். கழுத்தைப் பின்னால் சாய்த்து, பல்லுக்குக் காப்பு வைத்து, எஃகுக் குழாயைக் குரல்நாண்கள் வழியாக இறக்குவார்கள். ஆகவே ஆடும் பல், கட்டிய பல், கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடது கிளைக்குள் போக, அப்பாவின் தலையை வலப்பக்கம் திருப்பிக் குழாயைச் சாய்ப்பார்கள்.

கட்டி கண்ணில் பட்டதும் உடனே லேசர் வைப்பதில்லை. முதலில் கட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய கருவியையோ உறிஞ்சுகுழாயையோ நுழைத்து, அப்பால் வழி எந்தத் திசையில் போகிறது என்று தேடுவார்கள். நல்ல மருத்துவர் இங்கேதான் நேரம் செலவழிப்பார். திசை தெரியாமல் குடைந்தால் சுவரில் ஓட்டை விழும். இடது மூச்சுக்கிளை சுமார் 5 செ.மீ. நீளம், அதன் மேல் மகாதமனி வளைந்து போகிறது, நுரையீரல் தமனி ஒட்டிக்கொண்டு செல்கிறது, பின்னால் உணவுக்குழாய். எந்தப் பக்கம் ஓட்டை விழுந்தாலும் விபரீதம்தான்.

அப்பால் வழி இருக்கிறது என்று உறுதியானதும் கட்டியின் மேற்பரப்பைச் சுட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். அதிகம் பயன்படும் என்டி-யாக் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரிவது மேலே வெளுத்துச் சுருங்கும் திசுதான். வெப்பம் பல மில்லிமீட்டர் ஆழம் வரை போய்விடும். எனவே கதிரைச் சுவருக்கு இணையாக மட்டுமே செலுத்த வேண்டும், சுவரை நோக்கி ஒருபோதும் கூடாது. வெளுத்து, ரத்தம் வற்றிய பிறகு, ரிஜிட் குழாயின் சாய்வாக வெட்டிய முனையைத் திருகித் திருகி முன்னே தள்ளிக் கட்டியைச் சுவரிலிருந்து சீவி எடுப்பார்கள். பெரிய துண்டுகள் இடுக்கியில் வரும். கட்டியின் பெரும்பகுதியை அகற்றுவது இந்தச் சீவல்தான். லேசர் என்ற பெயர் கவர்ச்சியாக இருப்பதால் அதுவே எல்லாம் செய்வதாக நினைக்கிறோம். அது ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் துணை.

துளை விழுந்த கணத்தில் அப்பால் தேங்கிய சீழ் குபுகுபுவென்று வரும். இதற்கு எல்லோரும் தயாராக இருக்க வேண்டும். உடனே உறிஞ்சாவிட்டால் அது நல்ல வலது நுரையீரலுக்குள் வழிந்துவிடும். அவரைத் தாங்கிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இந்தச் சீழை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆன்டிபயாடிக் என்று முடிவெடுக்க இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

லேசர் வைக்கும் மருத்துவர்களிடையே நான்கின் விதி என்று ஒன்று புழங்குகிறது. கட்டியின் நீளம் 4 செ.மீ.க்குள், நுரையீரல் சுருங்கி 4 வாரத்துக்குள் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். 40 வாட், 0.4 விநாடித் துடிப்பு, லேசரைக் கொண்டுபோகும் இழையின் முனை கட்டியிலிருந்து 4 மி.மீ. தள்ளி. 40 துடிப்புக்குள் நிறுத்தி முனையைச் சுத்தம் செய்ய வேண்டும். மூச்சில் கொடுக்கும் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழே. உங்கள் அப்பாவின் கட்டி இரண்டரை சென்டிமீட்டர், சுருங்கிக் குறைந்தது மூன்று வாரம். விதிக்குள் இருக்கிறார், விளிம்பை நெருங்கிக்கொண்டு.

அந்த 40 சதவீதக் கணக்கு சும்மா அல்ல. ஆக்சிஜன் நிறைந்த குழாய்க்குள் வெப்பம் வைத்தால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். லேசர் மிதியை அழுத்துவதற்கு முன் மருத்துவர் மயக்க மருந்து நிபுணரிடம் அளவைக் கேட்டு, அவர் குறைத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அழுத்த வேண்டும். ஆக்சிஜனைக் குறைத்ததும் ரத்தத்தில் அளவு விழுந்துவிடுகிற நோயாளிக்கு வெப்பமே வேண்டாம். சீவி எடுப்பது, உறைய வைத்து எடுப்பது என்று போக வேண்டும்.

லேசரைத் தவிர வேறு வழிகளும் உண்டு. ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ச்சிச் சுடும் ஆர்கான் பிளாஸ்மா 2, 3 மி.மீ. ஆழம்தான் போகும், மேலாகக் கசியும் ரத்தத்தை நிறுத்த அருமையானது, பெரிய கட்டியை எரிக்கப் போதாது. காம்பு வைத்துத் தொங்கும் கட்டி என்றால் மின் சுருக்குக் கம்பியில் கழுத்தைப் பிடித்து ஒரே வீச்சில் அறுக்கலாம். கிரையோ முறையில் நைட்ரஸ் ஆக்சைடோ கார்பன் டை ஆக்சைடோ விரியும் வேகத்தில் முனை மைனஸ் 80 டிகிரிக்கு அருகே குளிர்ந்து கட்டியைப் பிடித்துக்கொள்ளும். சில விநாடி காத்திருந்து, ஸ்கோப்போடு சேர்த்து வெடுக்கென்று இழுத்தால் துண்டு ஒட்டிக்கொண்டு வரும். தீ அபாயம் இல்லை, குருத்தெலும்பு குளிரைத் தாங்கும். ஆனால் இழுத்த இடத்தில் ரத்தம் வரும். உங்கள் மருத்துவமனையில் லேசர் இல்லை, கிரையோவும் ஆர்கானும்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். கருவியைவிட அதைப் பிடிக்கும் கைதான் முக்கியம்.

மூச்சுக்கிளைக்குள் இரிடியம் வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு, மருந்து ஏற்றி 630 நானோமீட்டர் ஒளி பாய்ச்சும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சை ஆகியவையும் உள்ளன. இரண்டும் மெதுவாக வேலை செய்பவை. நுரையீரல் சுருங்கிக் கிடக்கும் இந்தக் கட்டத்துக்கு ஆகாது. ஒளிச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் வெயிலில் தலைகாட்ட முடியாது என்பதும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டி குழாய்க்குள் வளர்ந்திருந்தால். வெளியே இருக்கும் கட்டியோ வீங்கிய நிணநீர்க் கணுக்களோ மூச்சுக்கிளையை நசுக்கியிருந்தால், உள்ளே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே லேசர் வைப்பது நல்ல சுவரைச் சுடுவதுதான். முட்டுக்கொடுக்க ஸ்டென்ட் மட்டுமே வழி. பல பேருக்கு இரண்டும் கலந்திருக்கும். அப்பாவின் சிடியில் எது அதிகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் பற்றி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. உள்ளிருக்கும் கட்டியை எடுத்த பிறகு வழி பாதிக்கு மேல் திறந்திருக்கிறது, சுவர் தானாக நிற்கிறது, அடுத்து கீமோவும் ரேடியேஷனும் தயாராக இருக்கிறது என்றால் ஸ்டென்ட் வைக்காமல் வெளியே வருவதே நல்லது. இதயத்தில் வைத்த ஸ்டென்ட் சில மாதத்தில் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் மூடப்பட்டு உடம்போடு சேர்ந்துவிடும். மூச்சுக்கிளையில் வைப்பது கடைசிவரை அந்நியப் பொருள்தான். சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் அதன் அடியில் மூடப்பட்டுவிடுவதால், ஸ்டென்டுக்குள் சளி தானாக நகராது. இருமித்தான் தள்ள வேண்டும். விளிம்பில் சதை வளரும், கிருமி குடியேறும், வாய் நாற்றம் வரும், சில சமயம் ஸ்டென்டே இடம் நகரும்.

எடுத்த பிறகும் சுவர் உள்ளே சரிகிறது, வெளியிலிருந்து அழுத்தம் இருக்கிறது என்றால் தயங்காமல் வைக்க வேண்டும். சிலிகான் ஸ்டென்ட் ஒரு வகை. மார்செய் நகரத்தின் ழான்-பிரான்சுவா டியூமோன் 1990இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை. நழுவாமல் இருக்க வெளிப்பக்கம் சிறு முளைகள் இருக்கும். ரிஜிட் குழாய் வழியாகத்தான் வைக்க முடியும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கவும் முடியும். மற்றது நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த கம்பி வலை, தானே விரிவது, வைப்பது சுலபம். கேன்சருக்கு உறை போட்ட வலைதான் வேண்டும். உறையில்லாத வலையின் கண்கள் வழியாகக் கட்டி மறுபடி உள்ளே வளரும், சதையோடு பின்னிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. கேன்சர் அல்லாத குறுகலுக்கு உலோக ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005இல் எச்சரித்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இடது கிளைக்குப் பொதுவாக 10 முதல் 14 மி.மீ. விட்டம் ஒத்துவரும். நீளம் கட்டியின் இரு முனையிலும் ஐந்து, பத்து மில்லிமீட்டர் தாண்டி நிற்க வேண்டும், ஆனால் இடது மேல்மடலுக்குப் பிரியும் வாயை மூடிவிடக் கூடாது. விட்டம் சிறிதானால் நகரும். பெரிதானால் சுவரை அழுத்திச் சதை வளரும்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். 2015இல் வெளியான ஓர் அமெரிக்கப் பல மருத்துவமனைப் பதிவேட்டில் கேன்சர் அடைப்புக்குச் செய்த 1,115 சிகிச்சைகளில் 93 சதவீதத்தில் வழி திறந்தது, 3.9 சதவீதத்தில் சிக்கல் வந்தது. மூச்சுத் திணறல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தெளிவான முன்னேற்றம். வழி திறப்பதும் மூச்சு லேசாவதும் ஒன்றல்ல என்பதை இந்த இரு எண்களும் காட்டுகின்றன. அதே பதிவேட்டில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 14.8 சதவீதம், அதில் பெரும்பங்கு முற்றிய நோயால்தான். அவசரகதியில் செய்தவர்களுக்கும், ஏற்கெனவே உடல்நிலை மிக மோசமாக இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மூச்சு முட்டிப்போய் நடுராத்திரியில் செய்வதைவிட, வலது நுரையீரல் தாங்கிக்கொண்டிருக்கும் இப்போதே பகலில், முழுக் குழுவோடு செய்வது நல்லது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயப்பட வேண்டிய முதல் சிக்கல் ரத்தக்கசிவு. குளிர்ந்த சலைன், நீர்த்த அட்ரினலின், குழாயால் அழுத்திப் பிடிப்பது, மேலும் சுடுவது என்று படிப்படியாகச் சமாளிப்பார்கள். நிற்கவில்லையென்றால் இடப்பக்கமாகச் சாய்த்து, வலது நுரையீரலுக்குள் ரத்தம் போகாமல் காப்பார்கள். கசிகிற ரத்தத்தின் அளவைவிட, அது நல்ல பக்கத்தை நிரப்புவதுதான் உயிருக்கு ஆபத்து.

அதனால்தான் க்ளோபிடோக்ரலை நிறுத்த வேண்டும், வழக்கமாக 5 முதல் 7 நாட்களுக்கு முன். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். இதய ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் சில நாள் நிறுத்துவது பொதுவாக ஒத்துக்கொள்ளப்படுவதே. ஆனால் அவருடைய இதய டாக்டர் எழுத்தில் சொன்ன பிறகு நிறுத்துங்கள். எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நிறுத்தியதை நினைவில் வைப்பவர்கள் தொடங்குவதை மறந்துவிடுகிறார்கள்.

சிகிச்சை நாளில் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். தியேட்டரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். அன்று இரவு தீவிரக் கண்காணிப்பில் வைப்பார்கள். தொண்டை வலி, ரத்தக் கீற்றோடு சளி, முதல் நாள் லேசான காய்ச்சல் எதிர்பார்க்கக்கூடியவை. மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க விரிந்திருக்காது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். சளி வெளியேறி விரியச் சில நாள் ஆகும். பிசியோதெரபிஸ்ட்டை அன்றே வரச் சொல்லுங்கள். கறுத்த, கருகிய துணுக்குகள் இருமலில் வந்தால் பதற வேண்டாம், சுட்ட திசு உதிர்கிறது. ஆனால் புதிய சிவப்பு ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு முட்டினாலோ உடனே சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்துவிட்டால் வீட்டில் வேலை உண்டு. 0.9 சதவீதச் சலைன் 3 முதல் 5 மி.லி. நெபுலைசரில் தினமும் இரண்டு மூன்று வேளை, முடிந்த உடனே நிமிர்ந்து உட்கார்ந்து இருமித் துப்புவது. மூச்சுத் திணறல் வந்தால்தான் நெபுலைசர் என்று இருக்கக் கூடாது. சளி காய்ந்து ஒட்டிய பிறகு சலைனால் அதைக் கரைக்க முடியாது. ஸ்டென்டின் வகை, விட்டம், நீளம், வைத்த இடம், தேதி எழுதிய அட்டை அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். வேறெங்காவது அவசரமாகச் செயற்கை சுவாசக் குழாய் போட நேர்ந்தால், அதன் முனை கிளைக்குள் இறங்கி ஸ்டென்டை இடிக்காமல் பார்க்க இந்த அட்டைதான் உதவும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் காட்டுங்கள். திடீரென்று மூச்சில் புதிய சத்தம், சளி சுத்தமாக நின்றுபோவது, காய்ச்சல் என்றால் பிராங்கோஸ்கோப்பி வசதி உள்ள இடத்துக்கே நேரே போங்கள்.

கடைசிக் கேள்வி, ஸ்டென்டின் மேல் ரேடியேஷன். கொடுக்கலாம். சிலிகான் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. உலோக வலையை ஒட்டிய மெல்லிய பரப்பில் அளவு கொஞ்சம் மாறும். திட்டமிடும் இயற்பியலாளருக்கு ஸ்டென்டின் வகை தெரிந்திருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார். வேறொன்றைத்தான் கவனிக்க வேண்டும். சிகிச்சை வேலை செய்தால் கட்டி சுருங்கும். சுருங்கினால் இறுக்கமாக நின்ற ஸ்டென்ட் தளர்ந்து நகரும். ஆகவே வைத்த 4 முதல் 6 வாரத்தில் ஒரு முறையும், ரேடியேஷன் முடிந்ததும் ஒரு முறையும் பிராங்கோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வழி தானாகத் திறந்து நிற்கிறது என்று தெரிந்தால் அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். காலம் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்பதை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், எடுக்கக்கூடிய வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்.